டிசம்பரைக் கடைவீதிக்குக் கொடுத்துவிடாமல் இருக்க

கிறிஸ்துமஸ் துணிமணியை நவம்பர் 25-க்குள் வாங்கித் தைக்கக் கொடுத்துவிடுங்கள். இதில் என்ன பக்தி என்று தோன்றலாம். ஆனால் சாயங்கால செபத்தை விழுங்குவது பெரும்பாலும் ஜவுளிக்கடையும் தையல்காரர் வீட்டுக்கு நடக்கிற நடையும்தான். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் தெருக்கூட்டுகிறவருக்கும் எடுக்கும் துணியை அதே நாளில், அதே கடையில், உங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கும் தரத்திலேயே எடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் மிஞ்சின காசுக்கு மிஞ்சின துணிதான் கிடைக்கும். வாங்குகிறவருக்கும் அது தெரிந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவே வரும். 2026-ல் நவம்பர் 29. அதற்கு முந்தைய நாள் மெழுகுவர்த்தி வளையத்தைத் தயார் செய்யுங்கள். அகலமான தாம்பாளத்தில் மணல் பரப்பி, மூன்று ஊதா, ஒரு ரோஸ் நிற மெழுகுவர்த்திகளை வட்டமாக ஊன்றி, நடுவில் வெள்ளை ஒன்றை வையுங்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்ற வேண்டும். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு, வெள்ளை டிசம்பர் 24 இரவுக்கு. தினம் 15 நிமிடம் எரிந்தால், 2026-ல் முதல் மெழுகுவர்த்தி ஆறரை மணி நேரம் எரிய வேண்டியிருக்கும். சன்னமானது பாதியிலேயே தீர்ந்துவிடும்; இரண்டு அங்குலப் பருமன் உள்ளதாகப் பாருங்கள். சுற்றி வைக்கும் இலைகளைச் சனிக்கிழமைதோறும் மாற்றுங்கள். காய்ந்த இலை சட்டென்று பற்றிக்கொள்ளும்.

வாசிப்புக்கு விவிலியத்தின் லூக்கா நற்செய்தி. 24 அதிகாரம், டிசம்பர் 1 முதல் 24 நாள். முதல் நாளே பலர் சறுக்குவார்கள். முதல் அதிகாரத்தில் 80 வசனம், பாதியில் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் நவம்பர் 30 அன்றே 38-ஆம் வசனம் வரை வாசித்துவிட்டு, மீதியை டிசம்பர் 1-க்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அதிகாரத்தின் வம்ச வரலாற்றைப் பெரியவர் ஒருவர் வாசிக்கட்டும். டிசம்பர் 12 அன்று, கடைகளில் கூட்டம் நெரிகிற நேரத்தில், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரன் வருவான். 16 அன்று பணக்காரன் வாசலில் கிடந்த ஏழை லாசர். அந்த இரண்டு நாளும் பிரசங்கம் செய்யாதீர்கள். வாசித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தாலே போதும். வீடுவீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸில் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இரண்டு அதிகாரம் சேர்த்து வாசிக்க வேண்டாம். அன்றைய அதிகாரத்துக்கே போய்விடுங்கள். பாக்கி சேர்ந்தால் வாசிப்பே நின்றுவிடும். 24 அன்று இயேசுவின் உயிர்ப்பை வாசித்து முடித்து, கோவிலுக்குத் திருப்பலி காணக் கிளம்பும் முன் இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை மறுபடி வாசியுங்கள்.

இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடிலுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை இருந்தன. அருவியும் சீரியல் பல்பும் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் தொட்டியை வெறுமையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோல். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு துண்டை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். என்ன செய்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த விதியில் கண்டிப்பாக இருங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே "நான் ஏழு, நீ நாலு" என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். குழந்தை இயேசுவின் சுரூபத்தை 24 இரவு கடைசிப் பிள்ளை கையால் வைக்கட்டும். வைக்கோல் இருப்பதால் குடிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது.

பலகாரத்துக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். அச்சுமுறுக்கும் கல்கலும் அன்றைக்கே முடியட்டும். பரிசு ஒரு பிள்ளைக்கு ஒன்று. திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். முன்னாலேயே பிரித்துவிட்டால் கோவிலில் பிள்ளை இருக்கும், மனசு பெட்டியில் இருக்கும். ஞானிகள் குழந்தையைக் காண வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6 வரை குடிலைக் கலைக்காதீர்கள். ஞானிகள் மூவரையும் அதுவரை தள்ளி, ஜன்னல் திட்டில் வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வாருங்கள்.