சின்னக் கல்லூரி அணிக்கு மாறும் கூடைப்பந்து வீரர் முதலில் எண்ண வேண்டியது நிமிடங்களை

அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஓர் அணியின் கோச் பங்கு போட்டுக் கொடுக்க இருப்பது மொத்தம் 200 நிமிடங்கள்தான். பெரிய கல்லூரியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சின்னக் கல்லூரிக்கு மாற நினைத்தால், அந்த 200-ல் தன் இடத்துக்கு எவ்வளவு காலியாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சென்ற சீசனின் புள்ளிவிவரம் கல்லூரியின் தளத்திலேயே கிடைக்கும். படிப்பை முடித்து வெளியேறும் இரண்டு கார்டுகள் (பந்தை முன்னே கொண்டுபோகும் வெளிப்புற ஆட்டக்காரர்கள்) சராசரியாக 31, 27 நிமிடம் ஆடியிருந்தால் 58 நிமிடம் காலி. அதே இடத்துக்கு கோச் ஏற்கெனவே மூன்று பேரை எடுத்திருந்தால் அந்த 58-ம் கரைந்துவிடும். சின்ன அணிதானே, இடம் தானாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

உங்கள் சொந்தக் கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். 10 நிமிடத்தில் 4 புள்ளி எடுத்தவர் 40 நிமிடத்துக்கு 16 என்று பெருக்கிக்கொள்கிறார். அந்த 4 புள்ளி எப்போது வந்தது? ஆட்டம் கைவிட்டுப் போன கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரணியின் மூன்றாம் வரிசைக்கு எதிராக எடுத்ததை அந்தப் பெருக்கலில் சேர்க்கக் கூடாது. வீடியோவைப் பார்த்து, ஆட்டம் இறுக்கமாக இருந்த நிமிடங்களை மட்டும் தனியே எண்ணுங்கள்.

சின்னக் கல்லூரிக்குப் போனால் யார் கண்ணிலும் பட மாட்டோம் என்ற பயம் வேண்டாம். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான லாரி பேர்ட் 1974-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு மாதம்கூடத் தங்காமல் வெளியேறினார். பிறகு இந்தியானா ஸ்டேட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1979-ல் அந்த அணியைத் தோல்வியே இல்லாமல் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். வீராங்கனை எலெனா டெல் டான் 2008-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை விட்டு வீட்டுக்கு அருகிலிருந்த டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2013-ல், பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவின் அணிகள் புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானார். தாங்கள் நிம்மதியாக வாழக்கூடிய இடத்தை இருவருமே தேர்ந்தெடுத்தார்கள். அதைப் பின்னடைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

காகித வேலையில் அவசரம் கூடாது. நீங்கள் எழுத்தில் கேட்டதும் கல்லூரி உங்கள் பெயரை இரண்டு வேலை நாளுக்குள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புகிறவர்களின் இணையப் பட்டியல்) ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் வேறு கோச்சுகள் உங்களிடம் பேசலாம். ஆனால் பெயர் ஏறிய பின், நடப்புப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உங்கள் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிட முடியும். கூடைப்பந்து வீரர்கள் போர்ட்டலுக்குப் பெயர் கொடுக்கக்கூடிய காலமும் 2022-ல் 60 நாளாக இருந்து, 2023-ல் 45, 2024-ல் 30 என்று சுருங்கியது. எனவே நிமிடக் கணக்கையும் கல்லூரிப் பட்டியலையும் முன்பே முடித்துவைத்துவிட்டு, கடைசியாகப் பெயர் கொடுங்கள். அந்த ஆண்டின் தேதிகளைக் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரைக் கவிழ்ப்பது கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்குக் கணக்கில் சேரும் அலகு. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-ல் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 முடிந்திருக்க வேண்டும். புதிய கல்லூரி உங்கள் பாடங்களை ஏற்றுக்கொண்டாலும், அவை நீங்கள் எடுக்கும் பட்டத்தின் கணக்கில் சேராமல் போகலாம். அப்போது சதவீதம் குறைந்து, ஆடும் தகுதியே போய்விடும். எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குச் சேரும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள். பணத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். டிவிஷன் 2 அணிகள் ஸ்காலர்ஷிப்பைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால் பாதித் தொகைதான் வரலாம். டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

கோச்சிடம் கேளுங்கள்: என் இடத்துக்கு இன்னும் எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்கும்? உங்கள் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? ஜெயிக்கும் சின்ன அணியின் கோச்சைப் பெரிய கல்லூரி தூக்கிக்கொண்டு போவது வழக்கம் என்பதால் மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள்.

கோடைப் பயிற்சிதான் இதில் பெரிய பங்கு. 12 நிமிடம் முழு வேகத்தில் ஓடிப் பழகிய உடம்பு 32 நிமிடத்துக்குத் தாங்காது. பக்கக் கோட்டிலிருந்து எதிர்ப் பக்கக் கோட்டுக்கு 17 முறை ஓடுங்கள். ஒரு நிமிடத்தை ஒட்டி முடிய வேண்டும். மூச்சு வாங்கும்போதே 10 மூன்று புள்ளி எறிகள். இரண்டு நிமிட ஓய்வு, பிறகு மறுபடி, ஐந்து சுற்று. கடைசிச் சுற்றில் பந்துகள் வளையத்தின் முன்விளிம்பிலேயே பட்டுத் திரும்பினால் கால் களைத்துவிட்டது என்று பொருள். எறிதலுக்கு வலு காலிலிருந்துதான் வருகிறது. கையசைவை மாற்றப் போகாதீர்கள். ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

பழைய அணியில் உங்களை யாரும் குறிவைக்கவில்லை. இங்கே முதன்மை ஆட்டக்காரர் நீங்கள் என்றால், உங்கள் அணிக்காரர் ஸ்கிரீன் போட்டவுடன் (உங்களைக் காப்பவரின் வழியை மறித்து நின்றவுடன்) எதிரணியின் இரண்டு பேர் உங்கள் மேல் பாய்வார்கள். அவசரத்தில் டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வதை) நிறுத்திப் பந்தைப் பிடித்துவிட்டால் வலையில் சிக்கியது போலத்தான். இரண்டு அடி பின்வாங்கி டிரிபிள் செய்து, ஃப்ரீ த்ரோ கோட்டருகே வரும் ஆளுக்குப் பந்தை விடுங்கள். உண்மையிலேயே இரண்டு பேரை எதிரே நிறுத்தி, பக்கத்துக்கு 20 முறை பழகுங்கள். ஓர் ஆட்டத்துக்கு நீங்கள் எறியும் ஆறு எறிகள் பதினைந்தாகும்போது கூடுதல் ஒன்பதும் கடினமானவையாகவே இருந்தால் சராசரி சரியும். அவற்றில் மூன்று நான்கை வேகமான எதிர்த்தாக்குதலிலிருந்தும் தாக்குதல் ரீபவுண்டிலிருந்தும் (உங்கள் அணியின் தவறிய எறியை மீட்டெடுப்பதிலிருந்தும்) எடுக்கப் பாருங்கள். ஃபார்வர்டாக (முன்வரிசை ஆட்டக்காரராக) இருந்தவர், வளையத்தருகே ஆடும் உயரமான சென்டரைக் காக்கவும் நேரிடலாம். அப்போது கையை நீட்டாமல் இடுப்பால் தடுக்கப் பழகாவிட்டால் ஐந்து ஃபவுலும் சீக்கிரம் தீர்ந்து களத்தை விட்டு வெளியேற வேண்டிவரும். மெல்லிய பெஞ்ச் உள்ள அணிக்கு அது பேரிழப்பு.

பயணம் பெரும்பாலும் பஸ்ஸில். ஆட்டம் முடிந்து நள்ளிரவில் திரும்பி, மறுநாள் காலை வகுப்பு இருக்கும். உணவையும் தூக்கத்தையும் நீங்களே திட்டமிட வேண்டும். முதல் வாரங்களில் "எங்க பழைய காலேஜ்ல இப்படித்தான் செய்வோம்" என்ற பேச்சு உங்கள் வாயில் வரவே கூடாது. நான்கு ஆண்டுகளாக அங்கேயே உழைத்த சீனியருக்கு அது குத்தும். அவர் பந்து தராவிட்டால், நீங்கள் எண்ணிவைத்த நிமிடங்கள் முழுவதும் வெறும் ஓட்டமாகப் போய்விடும்.