பளுப்பயிற்சி நூல்களை எந்த வரிசையில், எப்படிப் படிப்பது?

புதிதாகப் பளுப்பயிற்சி தொடங்குகிறவருக்கு முதல் ஆண்டில் மூன்று நூல்கள் போதும். எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதே முக்கியம்.

முதலில் மார்க் ரிப்பட்டோ எழுதிய 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' நூலின் மூன்றாம் பதிப்பை (2011) அச்சில் வாங்குங்கள். பாரை (நீண்ட இரும்புத்தண்டு) முதுகில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பற்றிய அத்தியாயத்தை இரவில் படித்து, மறுநாள் பிளேட் (எடைத்தட்டு) மாட்டாத வெறும் பாரில் செய்து பார்த்துவிட்டு, அதே பக்கங்களுக்குத் திரும்புங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவது பற்றிய பத்திகள் பார் ஒருமுறை முதுகில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கின.

அடுத்து, எண்களைக் கிலோவுக்கு மாற்றி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இடறியது இங்கேதான். நூலில் எடைகள் பவுண்டில் உள்ளன. படுத்தபடி பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 5 பவுண்டு கூட்ட வேண்டிய இடத்தில் நான் 5 கிலோ கூட்டினேன். அது சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பது, மூன்றாம் வாரத்தில் பார் நெஞ்சிலிருந்து எழாமல் நின்றபோதுதான் உறைத்தது. 5 பவுண்டு என்பது ஏறத்தாழ 2.25 கிலோ. ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ என்றால், இருபுறமும் மாட்டும்போது 5 கிலோ கூடிவிடும். ஆகவே கையுறையும் பெல்ட்டும் வாங்குவதற்கு முன், 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நூலில் வரும் 3x5 என்பது ஐந்தைந்து முறையாக மூன்று செட் (சுற்று). அதற்கு முன் குறைந்த எடையில் செய்யும் வார்ம்-அப் செட்டுகள் இக்கணக்கில் சேரா.

இரண்டாவது, ஃபிரெடெரிக் டெலாவியேயின் 'ஸ்ட்ரெங்த் டிரெய்னிங் அனாட்டமி'. எந்தப் பயிற்சியில் எந்தத் தசை வேலை செய்கிறது என்பதைச் சிவப்பு வண்ணத்தில் காட்டும் அதன் ஓவியங்களுக்கு ஈடில்லை. ஆயினும் செய்முறையை அதிலிருந்து கற்க முயல வேண்டாம்.

மூன்றாவதான, அர்னால்டு ஸ்வார்ஸ்னெகரின் உடற்கட்டுக் கலைக்களஞ்சியத்தை (1998 திருத்தப் பதிப்பு) ஆறு மாதம் கழித்தே திறக்கலாம். ஒவ்வொரு தசைக்கும் அதில் அத்தனை பயிற்சிகள் இருப்பதால், தொடக்கத்திலேயே படிப்பவர் நாளுக்கொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பார்.

பிற்சேர்க்கை: ரிப்பட்டோவின் நூலில் உள்ளபடியே நின்றும், பாரைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டில் முதுகு வளைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், அவருடைய ஜிம்மில் 10 கிலோ பிளேட்டுகள் விட்டத்தில் சிறியவை, அதனால் பார் தாழ்வாக இருக்கிறது எனத் தெரிந்தது. 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட்டில் பாரின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும்; நூல் கணக்கில் கொள்வது அந்த உயரத்தைத்தான். பிளேட்டுகளுக்கு அடியில் மரப்பலகைகளை வைத்து அவ்வுயரத்துக்கு ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள்.