சாக நினைக்கும் ஒருவருக்கு எப்படித் துணை நிற்பது

முதல் வேலை நேரே கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனத்தில் போட்டுவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம் குறைவதுதான் பெரும்பாலும் நடப்பது. "பிழையா ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?" என்று கேட்பது வீண். "இல்லை" என்ற பதிலை அந்தக் கேள்வியே எடுத்துக் கொடுத்துவிடும். "மச்சான், சாகவேணும் எண்டு நினைக்கிறியோ?" என்று கேளுங்கள். மூத்தவரென்றால், "அண்ணை, உயிரை விடவேணும் எண்ட எண்ணம் வருகுதோ?" ஆட்கள் வந்துபோகும் விறாந்தையில் வேண்டாம். மோட்டார்சைக்கிளை ஒதுக்கி நிறுத்தி இரண்டு பேர் மட்டும் நிற்கக்கூடிய இடம் காணும்.

எப்போது கேட்பது? "நான் இல்லாட்டி வீட்டுக்கு நிம்மதி" என்ற பேச்சு, நாள் கணக்கில் நித்திரையின்மை, திடீரெனக் கூடிய குடி, ஆசையாய் வைத்திருந்த பொருட்களைக் கொடுத்துவிடுவது, கொடுக்கல் வாங்கலை அவசரமாய் முடிப்பது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே கேட்கலாம். கடன், உயர்தரப் பெறுபேறு, காதல் முறிவு, வெளிநாட்டுப் பயணம் குழம்பியது போன்றவற்றுக்குப் பின் இன்னும் கவனம் வேண்டும். நெடுநாள் வாடியிருந்தவர் ஒரே நாளில் அமைதியாகிச் சிரித்தால் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். முடிவெடுத்துவிட்ட அமைதியாகவும் அது இருக்கலாம்.

"ஓம்" என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல் மேலும் கேளுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, முன்பு முயன்றதுண்டா? வழியும் நேரமும் தீர்மானமாகியிருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. அதுவரை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது.

"உனக்கென்ன குறை?", "பிள்ளையளை யோசிச்சியா?" என்பவை அவருக்குள் ஏற்கெனவே இருக்கும் குற்றவுணர்வில் இன்னும் கொஞ்சம் ஏற்றுகின்றன. கோயிலுக்குக் கூட்டிப்போவது நல்லதுதான், ஆனால் கிளினிக்குக்குப் பதிலாக அல்ல. "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று சத்தியம் கேட்பார், கொடுக்காதீர்கள். "ஊருக்குச் சொல்லமாட்டன். உயிருக்கு ஆபத்தெண்டால் நான் தனிய வைச்சிருக்கவும் மாட்டன். ஆருக்குச் சொல்லலாம் எண்டு நீயே சொல்லு." அவர் தெரிவு செய்யும் ஆள் மாமியாகவோ பழைய வாத்தியாராகவோ இருக்கலாம், பரவாயில்லை.

அடுத்தது, ஆபத்தானதை வீட்டை விட்டே எடுப்பது. சாகத் தூண்டும் வேகம் பலரில் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் உச்சத்திலிருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின் பாதிக்கும் கீழே இறங்கியது. வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் வீடுகளில் கொட்டிலில் எப்போதும் போத்தல் கிடக்கும். பூட்டி வைத்தால் போதாது. திறப்பு எங்கே தொங்குகிறதென்று வீட்டாருக்குத் தெரியும். வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அம்மம்மாவின் பிறஷர், சீனி வருத்தக் குளிசைகள் உட்பட எல்லா மருந்துகளையும் ஒருவர் பொறுப்பெடுத்து, அன்றன்றைக்குரியதை மட்டும் கொடுக்கட்டும். சாராயமும் வீட்டில் வேண்டாம்.

ஏற்கெனவே எதையாவது உட்கொண்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், இலவசம். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், சவர்க்காரத் தண்ணி, புளி என்று எதையும் பருக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் கேடு இரட்டிப்பாகும். போத்தலையோ குளிசை மட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். "இப்ப ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கிறன்" என்றாலும் போகவேண்டும்; சில நஞ்சுகள் பிந்தித்தான் வேலையைக் காட்டும். பொலிஸ் வழக்கு வருமென்று ஒளிக்கவேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போகலாம். "வயித்துக்குத்து" என்று மழுப்பாமல், சாகும் எண்ணம் இருக்கிறதென்று வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குளிசையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதைக்க மட்டும் ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும்.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து இதைக் கையாள்பவர்களுக்கு ஒன்று: 1990, 1926 போன்ற குறுகிய இலக்கங்களை அங்கிருந்து அழைத்தால் கிடைக்குமென்று நம்பியிருக்கவேண்டாம். இன்றைக்கே பக்கத்து வீட்டாரின் இலக்கத்தை வாங்கி வையுங்கள். அவர் அழும்போது நீங்கள் தொடர்பைத் துண்டிக்காமல் கதைத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வேறு போனில் அயலாரை எழுப்பி அனுப்பவேண்டும்.

வைத்தியசாலையால் வந்த முதல் வாரங்கள்தான் மிகவும் கவனிக்கவேண்டிய காலம். வீட்டார் களைத்து ஓயும் நேரமும் அதுதான். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமோ அதற்கு மேலோ எடுக்கும். "குளிசையால ஒரு பிரயோசனமும் இல்லை" என்று இடையில் நிறுத்துவது வழமை. தொடக்கத்தில் படபடப்புக் கூடினால் மருந்தை நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் போங்கள். இரண்டு மூன்று பேர் முறை வைத்து நாளுக்கு ஒருவர் போய் வாருங்கள். ஒரே ஆள் சுமந்தால் மாதத்துக்குள் அவரும் விழுந்துவிடுவார். கிளினிக் கொப்பியிலுள்ள அடுத்த திகதியை உங்கள் போனிலும் குறித்து, அன்று காலை அவர் வெளிக்கிடும்போது நீங்களும் கூடப் போங்கள்.