உருகிய ஈயச்சொம்பும் வேறு சில தவறுகளும்

போன வாரம் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கேஸ் பர்னரைச் சுற்றி, வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல ஒரு குட்டை. கீழே, "பெரியம்மா, சொம்பு போச்சு." 15 வருடத்துக்கு முன் என் அடுப்பிலும் இதே குட்டைதான். பிளாஸ்டிக்கையும் நான்ஸ்டிக்கையும் விட்டுப் பழைய பாத்திரங்களுக்கு மாறும்போது செய்கிற தவறுகள் இவை. பிளாஸ்டிக் டப்பாவில் கொதிக்கக் கொதிக்கப் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

ஈயச்சொம்பு

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் (tin) ஆனது. அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியைச் சுற்றியே நிற்பதால்தான் பிழைக்கிறது. நானோ கழுவிய ஈரம் காயட்டும் என்று வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பருப்பு எடுக்கத் திரும்பினேன். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பையே பற்றவைக்க வேண்டும். தீ பக்கவாட்டில் ஏறக்கூடாது. தாளிப்பு தனியாக இரும்புக் கரண்டியில்.

சரி, அது பணநஷ்டம். இன்றும் எனக்கு ஆறாதது அடுத்து நடந்தது. ஈயச்சொம்பு எடைக்கு விலை. இன்னொரு முறை அவ்வளவு கொடுக்க மனசு வராமல், பாதி விலைக்குக் கிடைத்ததை வாங்கினேன். "ஈயம்தாம்மா" என்றார் கடைக்காரர். பொய் இல்லை, காரீயமும் (lead) ஈயம்தானே! வெள்ளீயத்தைவிட மலிவு, அதனால் கலக்கிறார்கள். புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. காரீயம் எலும்பில் போய்த் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரோக்கியம் என்று நம்பி இரண்டு வருடம் அதில் ரசம் வைத்தேன். உலோகப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. தாளில் தேய்த்துப் பார், தட்டிப் பார் என்ற யோசனைகளை நம்பாதீர்கள். பரிசோதனைச் சீட்டு இல்லையென்றால் வாங்காதீர்கள். எவர்சில்வரிலும் ரசம் நன்றாகவே வரும்.

அந்தச் சொம்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது. எடைக்குப் போட்டால் யாராவது உருக்கி மறுபடி சொம்பாக்கிவிடுவார்கள்.

பளபளக்கும் மண்சட்டி

வேண்டாம். அந்த மெருகிலும் காரீயம் இருக்கலாம்.

இரும்புச் சட்டியில் மிச்ச வத்தக்குழம்பு

இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

ஈயம் பூசாத பித்தளையில் புளி, மோர்

கூடவே கூடாது.

நான்ஸ்டிக்கை முதல் நாளே எறிவது

இரும்பு தோசைக்கல் பழக நாளாகும். அதுவரை, பூச்சு உரியாத பழைய தவா சிறு தீயில் ஓடட்டும். வெறுமனே காயவிடாதீர்கள், 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும். தங்கை மகள் எறிந்துவிட்டாள். நான்கு நாளாக அவள் வீட்டில் உப்புமா.