எதிரணியின் காயம் கணக்கில் சேருமா?

ஹாக்கிப் போட்டி முடிந்ததும் தோற்ற அணியின் ரசிகர் “எங்கள் ஆள் காயத்தால் ஆடவில்லை, ஆடியிருந்தால் கதையே வேறு” என்று தொடங்குவார். வென்ற அணியின் ரசிகர் உடனே “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்” என்று பழமொழியை எடுத்து வீசுவார். அதன்பிறகு பேச்சு காயத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் குரல் ஓங்குகிறது என்பதாகிவிடுகிறது. வேலூரில் கிரிக்கெட் பார்ப்பவர்களோடு வைத்துப் பார்த்தால் ஹாக்கியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் சொற்பம்தான். ஆனாலும் கோட்டை மைதானத்துப் பக்கமோ காட்பாடி ரயிலடியிலோ அப்படிப்பட்ட நாலு பேர் கூடிவிட்டால், இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மாலைப்பொழுது கரைந்துவிடுகிறது. அந்த வாதத்தை உருப்படியாக நடத்தும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் இரண்டு கேள்விகளைப் பிரித்துவிட வேண்டும். எதிரணி ஏன் தோற்றது என்பது ஒன்று; நம் வெற்றி முழு வெற்றிதானா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விவாதமே தேவையில்லை, ஏனென்றால் புள்ளிப் பட்டியலில் காயத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. முதல் கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டும். “முடிவு முடிவாகவே இருக்கட்டும், காரணத்தை மட்டும் பேசுவோம்” என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டால், எதிரில் இருப்பவரின் கோபத்தில் பாதி அடங்கிவிடும். தன் அணியின் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் அவருக்கு அப்போது இருக்காது.

அடுத்து, அந்தக் காயம் எப்போது பேச்சுக்கு வந்தது என்று கேட்க வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே “இவர் இல்லாமல் இன்று சிரமம்தான்” என்று சொன்னவரின் வாதத்துக்கு மதிப்பு அதிகம். முதல் பாதியில் தன் அணி முன்னிலையில் இருந்தபோது காயத்தைப் பற்றி மூச்சுகூட விடாமல் இருந்துவிட்டு, இறுதி ஹூட்டர் ஒலித்த பிறகு அதை எடுப்பவரின் பேச்சைப் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இனி ஆட்டத்துக்குள் வருவோம். கால்பந்து ரசிகர்கள் ஹாக்கிக்கு வரும்போது தடுமாறும் இடம் இது. கால்பந்தில் வெளியே போனவர் திரும்பி வர முடியாது. மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஹாக்கியில் பதினொரு பேர் களத்தில் நின்றாலும், ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெளியே வந்தவர் சில நிமிடங்கள் மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் இறங்கலாம். நான்கு பதினைந்து நிமிடப் பகுதிகளிலும் நடுக்களத்தாரும் முன்களத்தாரும் இப்படித்தான் சுழல்கிறார்கள். ஆகவே முன்களத்தில் ஒருவர் இல்லையென்றால் அவருடைய அறுபது நிமிடமும் போய்விட்டது என்று பொருளல்ல. அவர் ஆடியிருக்கக்கூடிய நிமிடங்களை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இழப்பு உண்மைதான், ஆனால் ரசிகர் சொல்லும் அளவு பெரியதல்ல. உலகக் கோப்பை அணியில் 18 பேர். பாரிஸ் ஒலிம்பிக்கிலோ 16 பேர்தான், வெளியே மூன்று பதில் ஆட்டக்காரர்கள். பதினாறில் ஒருவர் குறைவது பதினெட்டில் ஒருவர் குறைவதைவிடக் கனமானது என்பதால், எந்தப் போட்டித் தொடரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தச் சுழற்சியால் ஈடுகட்ட முடியாத சில இடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் பெனால்டி கார்னரை, அதாவது கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் தடுப்பவர்கள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பைச் சுற்றியே இருக்கின்றன. பந்து கோட்டிலிருந்து தள்ளப்படும் அந்த நொடியில், கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற தடுப்பாளர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். அந்த ஐவரில் ஒருவர், முகக்கவசமும் முழங்கால் பட்டையும் கட்டிக்கொண்டு, பந்து புறப்பட்டதும் அதை நோக்கி நேராகப் பாய்கிறார். பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டிவிடும் டிராக் ஃபிளிக் அடிப்பவரின் கோணத்தைத் தன் உடலாலும் மட்டையாலும் அடைப்பதே அவர் வேலை. 14.63 மீட்டர் ஆரமுள்ள அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து வரும் பந்துக்கு எதிராக ஓடும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. துணிச்சல் இருந்தாலும் எந்தப் பக்கம் அரை அடி சாய்ந்து ஓட வேண்டும் என்ற கணக்கு பழகினால்தான் வரும். இவருக்கும், எதிர்முனையில் ஃபிளிக் அடிப்பவருக்கும், கோல்கீப்பருக்கும் காயம் என்றால், அந்த வாதத்தை நின்று கேட்க வேண்டும். மற்றவர்களின் காயத்துக்கு ஆதாரம் கேட்கலாம்.

இதை ஓர் உதாரணத்தில் பொருத்திப் பார்ப்போம். நம் பக்கத்துச் சாக்கையே எடுத்துக்கொள்வது நல்லது. அடுத்தவர் சாக்கை அளக்கும் படியால் நம்முடையதை அளக்கத் தயங்குபவரோடு வாதிட்டுப் பயனில்லை. 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில், ரூர்கேலாவில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் நடுக்கள ஆட்டக்காரர் ஹார்திக் சிங்குக்குப் பின்தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. அந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. அதற்கு முன் ஸ்பெயினை 2-0 என்று வென்றபோது ஒரு கோல் அவருடையது. அவர் தொடரிலிருந்தே விலக, ராஜ்குமார் பால் அணியில் சேர்ந்தார். இந்தியா வேல்ஸை 4-2 என்று வென்றது. பிறகு புவனேஸ்வரில் நியூசிலாந்துடன் 3-3 என்று சமனாகி, சமனை முறிக்க ஒற்றைக்கு ஒற்றையாக நடக்கும் ஷூட் அவுட்டில் 5-4 என்று தோற்று வெளியேறியது.

“இன்னா மச்சான், ஹார்திக் இல்லாததாலதான போச்சு?” என்ற கேள்வியை அன்று முதல் இன்று வரை கேட்டுவருகிறோம். கேட்பவரிடம் ஸ்கோர் அட்டையைக் கேளுங்கள். குழுவில் முதலிடம் பிடித்திருந்தால் நேரே காலிறுதி. நியூசிலாந்தைச் சந்தித்திருக்கவே வேண்டாம். அதற்குத் தடையாக இருந்தது கோல் வித்தியாசம். இங்கிலாந்து வேல்ஸை 5-0, ஸ்பெயினை 4-0 என்று வென்று ஒன்பது கோல் முன்னிலையோடு உட்கார்ந்திருந்தது. இந்தியாவின் கையில் இருந்ததோ இரண்டு. வேல்ஸை எட்டுக் கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் இங்கிலாந்தைத் தாண்ட முடியும் என்ற நிலை. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் திரும்பி வந்திருந்தால் இரண்டு கோல் வித்தியாசம் எட்டாகியிருக்கும் என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

நியூசிலாந்து ஆட்டம் இதைவிடச் சிக்கலானது. இந்தியா 3-1 என்று முன்னிலையில் இருந்தது. பிறகு வந்த இரண்டு கோல்களும் பெனால்டி கார்னரில் விழுந்தவை. கார்னரைத் தடுக்கும் ஐவரின் வேலையை ஹார்திக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் முன்னிலையில் இருக்கும்போது நடுக்களத்தில் பந்தைப் பிடித்து வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பது அவரைப் போன்றவரின் வேலை, அது நடந்திருந்தால் எதிரணி வட்டத்துக்குள் வந்து அந்தக் கார்னர்களை வாங்கியிருப்பதே கடினம். எனவே என் தீர்ப்பு, அந்தக் காயம் தோல்வியில் ஒரு பங்கு வகிக்கிறது, ஆனால் தோல்வியையே விளக்கிவிடாது என்பது. அதே இரவில் ஷூட் அவுட்டின் சடன் டெத் கட்டத்தில், அதாவது ஒரு சுற்றில் முந்துபவரே வெல்லும் கட்டத்தில், நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு அடிபட்டு, கிரிஷன் பாதக் உள்ளே வந்தார். ஒப்பிட்டால் இந்த இரண்டாவது காயத்துக்கு எடை கூடுதல். எட்டு நொடிக்குள் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் மோதலில் கோல்கீப்பர்தான் பாதி ஆட்டம். ஆனால் இதைப் பற்றி டீக்கடையில் பேசுபவர்கள் குறைவு. ஹார்திக்கின் பெயர் வாயில் வந்துவிட்டதால் எல்லாரும் அதையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

பெரிய வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பாகிஸ்தான் 2-10 என்று இந்தியாவிடம் தோற்றது. எட்டுக் கோலை எந்த ஒரு காயமும் விளக்காது. அங்கே பேச வேண்டியது அணியின் கட்டமைப்பைப் பற்றி. இதன் மறுபக்கமாக, 2006இல் உலகக் கோப்பைக்குப் புறப்படச் சென்ற டிராக் ஃபிளிக் வீரர் சந்தீப் சிங் ரயிலில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பட்டு அணியில் இல்லாமல் போனார். ஃபிளிக்கர் இல்லாதது கார்னர் கோல்களைக் குறைக்கும் என்பதால் அது உண்மையான இழப்பு. ஆனால் அந்தத் தொடரில் இந்தியா 12 அணிகளில் பதினோராம் இடத்தில் முடிந்தது. ஓர் அணியைக் கடைசிக்கு முந்திய இடத்துக்குத் தள்ளிவிட ஒரு ஃபிளிக்கரின் காயம் போதாது.

காயத்தோடு வேறொன்றைக் கலந்துவிடும் வழக்கமும் உண்டு. பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் இந்தியாவின் அமித் ரோஹிதாஸ் 17ஆம் நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். நாற்பது நிமிடத்துக்கும் மேலாகப் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று சமன் செய்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. தடை காரணமாக அவர் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் ஆடவில்லை; அணி 15 பேரோடு இறங்கி 2-3 என்று தோற்றது. ரோஹிதாஸ்தான் கார்னரில் முதலில் பாயும் ஆள். ஜெர்மனியின் மூன்று கோல்களில் ஒன்று பேலாட் அடித்த பெனால்டி கார்னர், ஒன்று பெனால்டி ஸ்ட்ரோக், ஒன்று களக் கோல். ரோஹிதாஸின் இடத்தோடு நேரடித் தொடர்புடையது முதல் கோல் மட்டுமே; ஆனால் ஒரு கோலில் முடிந்த ஆட்டத்தில் அந்த ஒன்றே பெரிது. இத்தனை வலுவான வாதமாக இருந்தும் இதைக் காயத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. காயம் வெளியிலிருந்து வருவது, அட்டை அணியின் செயலால் வருவது. நடுவர் கண்டிப்பாக இருந்தார் என்று நாமும் அன்று ஆத்திரப்பட்டோம். அது வேறு வழக்கு, அதைத் தனியாக நடத்த வேண்டும்.

அரைகுறை உடல்நலத்தோடு ஆடியவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. ஆஸ்திரேலியாவின் மேத்யூ டாசன், பாரிஸ் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் விரலில் எலும்பு முறிந்தபோது, அது ஆறும் வரை காத்திருக்காமல் விரலின் ஒரு பகுதியை அறுவை செய்து நீக்கிவிட்டு ஆட வந்தார். இந்தியா அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது; 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்களுக்கு எதிரான முதல் வெற்றி அது. அவர் விரலைக் காட்டி நம் வெற்றியைக் குறைக்க வருபவருக்குச் சொல்ல வேண்டியது எளிது. ஆட முடியும் என்று மருத்துவரும் பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் முடிவு செய்து களமிறக்கிய பிறகு, அவர் ஆட்டக்காரர்தான், நோயாளி அல்ல. தேர்வில் எடுத்த துணிச்சலின் லாபத்தை எடுத்துக்கொள்ளும் அணி நட்டத்தையும் ஏற்க வேண்டும்.

நம் ஊரில் இங்கே ஒரு கூடுதல் தொல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையின் நிழலில் வாழ்வதால், அங்கே வேலை பார்க்கும் மைத்துனரோ அடுத்த வீட்டு அண்ணனோ ஒவ்வொருவருக்கும் இருக்கிறார். தொலைக்காட்சியில் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உடனே “இது கிரேடு டூ, ஆறு வாரம்” என்று ஒருவர் தீர்ப்பெழுதிவிடுவார். அதை ரசித்துக் கேட்டுவிட்டு, அணி நிர்வாகம் அறிவித்ததை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சர்வதேச ஆட்டத்துக்குச் சொன்ன இந்த அளவுகளை அப்படியே மாவட்டப் பள்ளிப் போட்டிகளுக்குப் பொருத்தக் கூடாது. அங்கே காயம் என்ற வாதத்துக்கு மதிப்பு பலமடங்கு. பெஞ்சில் இரண்டு மூன்று பையன்கள்தான் இருப்பார்கள், அவர்களில் ஒருவன் அன்றுதான் மட்டை பிடித்தவனாக இருப்பான். கோல்கீப்பர் கிட் விலை அதிகம் என்பதால் பள்ளியில் ஒன்றுதான். அது அளவெடுத்ததுபோல ஒரே ஒருவனுக்குத்தான் பொருந்தும். அவனுக்குக் கணுக்கால் பிசகினால், அடுத்தவன் பெரிய பேடுகளை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் அவை சுழன்றுபோக, மண் தரையில் துள்ளி வரும் பந்தை எதிர்கொள்கிறான். அப்படி நான்கு கோல் வாங்கித் தோற்ற பள்ளியின் பி.டி. சார் “கீப்பர் பையனுக்கு அடி” என்று சொன்னால், சாக்கு என்று சிரிக்காதீர்கள். அதுதான் நடந்தது.

வாதம் நடத்தும் தொனியைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். வயதில் மூத்தவர் தன் அணியின் காயத்தைச் சொல்லும்போது, “அண்ணே, எந்தக் கோலுங்க அது?” என்று மட்டும் கேட்டால் போதும். பெயரிலிருந்து கோலுக்குப் பேச்சு இறங்கிவிட்டால், அவரே நிமிடத்தை நினைவுகூர்ந்து, அந்த நேரத்தில் அந்த ஆள் களத்தில் இருந்திருப்பாரா, பெஞ்சில் இருந்திருப்பாரா என்று யோசிக்கத் தொடங்குவார். அவர் காட்டும் கோல் உண்மையிலேயே காயம்பட்டவரின் இடத்தில் விழுந்ததாக இருந்தால் ஒப்புக்கொண்டுவிடுங்கள். டீக்கு அன்று நீங்கள் காசு கொடுங்கள், வெற்றி எங்கும் போய்விடாது.