ஸ்லோமோஷனில் உதடு ஒட்டாத கதை

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம், 3 நிமிடம் 40 விநாடி பாப் பாட்டுக்கு வீடியோ எடுப்பதுதான் ப்ராஜெக்ட். விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்துவந்து எடிட்டில் போட்டால், பாடின தோழியின் வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அவள் மேல் தப்பில்லை, ஷாட் ஆரம்பத்தில் கிளாப் கட்டை அடிக்காமல், பாட்டை நடுவிலிருந்து ஓடவிட்டு, விநாடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்ததைப் பாதி வேகத்துக்கு இழுத்தால் உதடும் மெதுவாகத்தானே அசையும்!

மறுபடி போவதற்கு முன் பாட்டு ஃபைலையே மாற்றினேன். ஆடாசிட்டி என்கிற ஆடியோ எடிட்டிங் மென்பொருளில், பாட்டின் ஆரம்பத்தில் நான்கு பீப் சேர்த்தேன், நான்காவது பீப்பில் கிளாப். அலை இரைச்சலில் கேமரா மைக் பாட்டைப் பிடிக்காவிட்டாலும், கட்டை மூடுகிற ஃப்ரேமை அந்த பீப்போடு பொருத்திவிடலாம். ஸ்லோமோஷனுக்குத் தனி ஃபைல், இரண்டு மடங்கு வேகம், முழுப் பாட்டும் 1 நிமிடம் 50 விநாடியில் முடிந்துவிடும். அதற்கு அவள் வாயசைக்க, 50 ஃப்ரேமில் எடுத்து எடிட்டில் விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் இழுத்தேன். வாய் பாட்டோடு கச்சிதமாக உட்கார்ந்தது, கூந்தலும் அலையும் மட்டும் மெல்ல அசைந்தன. இந்த வேகத்துக்கு அவள் முதல் நாள் ராத்திரி முழுக்கப் பழக வேண்டியிருந்தது, வாக்கிங் வந்த ஒரு தாத்தா நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஷாட் லிஸ்டை இடம் வாரியாக எழுதாமல் பாட்டு வரி வாரியாக எழுதியதில் எந்த வரியும் விடுபடவில்லை. ஸ்பீக்கருக்குச் சார்ஜ் போடத்தான் மறந்துவிட்டோம், கடைசிச் சரணத்தை அவள் காதருகே ஃபோனைப் பிடித்துக்கொண்டு முடித்தோம்.