திருகாணியைத் தொடுமுன்: பழைய காரின் முன்விளக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பீட்டில் போன்ற கார்களை இன்னும் பிள்ளையைப்போலப் பேணுகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசோதகரிடம் காரைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கினால், எஞ்சினையும் பிரேக்கையும் வாரக்கணக்கில் பார்க்கும் இவர்கள் முன்விளக்குகளை மட்டும் முதல்நாள் மாலையில், கையில் ஒரு திருப்புளியோடு போய்ப் பார்க்கிறார்கள். தவறுகளில் பாதி அந்த அவசரத்திலேயே தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் மோசமானது, "கண் கூசுகிறது என்று யாரும் சொல்லக்கூடாது" என்பதற்காக இரண்டு விளக்குகளையும் நன்றாகக் கீழே இறக்கிவிடுவது. எங்கள் அப்பாவின் மொரிஸ் மைனருக்கு ஒரு கராச்சில் இப்படித்தான் செய்தார்கள். சில நாட்களின் பின்னர் திருக்கோவில் பக்கமாக இரவில் வந்துகொண்டிருந்தபோது, வீதியின் நடுவில் நின்ற எருமையின் நான்கு கால்கள் மட்டும் திடீரென்று வெளிச்சத்தில் தெரிந்தன. உடல் முழுவதும் இருளுக்குள் இருந்தது. மெதுவாக வந்ததால் ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நிலத்திலிருந்து 65 சென்றிமீற்றர் உயரத்தில் உள்ள விளக்கின் டிம் வெளிச்சம் 1 சதவீதம் சரிந்திருந்தால், அதாவது 10 மீற்றருக்கு 10 சென்றிமீற்றர் இறங்கினால், அதன் மேல் விளிம்பு 65 மீற்றர் தூரத்தில்தான் வீதியைத் தொடும். அதே விளக்கை 3 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் 22 மீற்றருக்கு அப்பால் வீதி தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் அந்த 22 மீற்றரை 1.3 செக்கனில் கடந்துவிடுவார். கால் பிரேக்கை மிதிப்பதற்குள் மாடு பொனற்றின் மேல் இருக்கும். களுவாஞ்சிக்குடி, கல்முனை வழியாகத் தெற்கே போகும் ஏ4 வீதியில் பட்டி மாடுகள் இரவில் தார் மேலேயே படுத்துக்கிடக்கும் என்பதையும், அம்பாறைப் பக்கத்து உள்வீதிகளில் யானை குறுக்கே வரும் என்பதையும் அறிந்தவர்கள் நாம். அதனால்தான் நல்ல பரிசோதனை முறைகள் மேல் எல்லையோடு கீழ் எல்லையையும் வைத்திருக்கின்றன. கார்களின் வீதித் தகுதியைப் பார்க்கும் இங்கிலாந்தின் எம்.ஓ.டீ. பரிசோதனையில், மையம் 850 மில்லிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் உள்ள ஐரோப்பிய வகை விளக்கின் டிம் வெளிச்சம் 0.5 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் இடையில் சரிந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு.

அடுத்த தவறு, காரைச் சரிபார்க்காமல் விளக்கைச் சரிசெய்வது. மொரிஸ் மைனரின் முன்பக்கம் டோர்ஷன் பார்களிலும் (முறுகி வில்லைப்போல வேலை செய்யும் இரும்புத் தண்டுகள்) பின்பக்கம் பட்டை வில்லுகளிலும் நிற்கிறது. அறுபது ஆண்டுகளில் பின் வில்லு தளர்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே பார்க்கும். ஒரு பக்கத்து டோர்ஷன் பார் மட்டும் களைத்துப்போனால் கார் தோள் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வைத் திருகாணியால் மறைத்துவிட்டு, பிறகு வில்லை மாற்றினால் விளக்குகள் மறுபடியும் பிழையாகிவிடும். முதலில் நான்கு டயர்களிலும் கைநூலில் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்கி, சாரதி ஆசனத்தில் ஏறக்குறைய 75 கிலோ எடையுள்ள ஒருவரை இருத்தி, முன்னும் பின்னும் பம்பரை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட வேண்டும். வில்லுகள் தங்கள் இயல்பான இடத்துக்கு வந்தபின்தான் அளவு நாடாவை எடுக்கலாம்.

இடத்தைத் தேர்வதில் நம் ஊருக்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. மட்டக்களப்பு மண் சமதரையாகத்தான் இருக்கிறதே என்று மணல் வளவுக்குள்ளேயே காரை நிறுத்திவிடுகிறோம். கனமான முன்பக்கச் சில்லுகள் ஓரங்குலம் புதைவதைக் கவனிப்பதில்லை. நெல் ஆலையின் சீமெந்துத் தளம் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தாலும், மழைநீர் வடிவதற்காக அதை நடுவில் உயர்த்தி ஓரங்களில் சரித்திருப்பார்கள். மீற்றருக்கு 1 சென்றிமீற்றர் என்ற அளவில் தரை மாறினாலே போதும், நீங்கள் வைக்கப்போகும் 1 சதவீதச் சரிவு முழுவதையும் அது விழுங்கிவிடும். மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை இரவல் வாங்கி, நான்கு சில்லுகளும் நிற்கும் இடங்களும் சுவரின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

சுவருக்கு நேர் செங்குத்தாக, விளக்கின் கண்ணாடியிலிருந்து 5 மீற்றர் தூரத்தில் காரை நிறுத்துங்கள். பின் கண்ணாடியின் நடுவிலிருந்து பொனற்றின் நடுக்கோட்டைப் பார்த்து, அது சுவரில் விழும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அதன் இருபுறமும் விளக்கு மையங்களுக்குரிய இரண்டு செங்குத்துக் கோடுகளும், விளக்கு மையத்தின் உயரத்தில் ஒரு கிடைக்கோடும், அதற்கு 5 சென்றிமீற்றர் கீழே மற்றொன்றும் வேண்டும். அந்தக் கீழ்க்கோடுதான் 1 சதவீதச் சரிவு. ஒரு விளக்கைப் பார்க்கும்போது மற்றதை மறைக்க ஈரச்சாக்கைக் கண்ணாடியின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. சூடான கண்ணாடி வெடித்துவிடும். தொடாமல் ஒரு மட்டையை முன்னால் நிறுத்தினால் போதும்.

விளக்கு எந்த வகை என்று பாராமல் தொடங்குவதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன், ஏனென்றால் அனுபவசாலிகளும் இங்கே வழுக்குகிறார்கள். ஐரோப்பிய வகை விளக்கு சுவரில் கூர்மையான ஒரு விளிம்பைக் காட்டும். நடுவரை கிடையாக வந்து, இடப்பக்கத்தில் மேலே ஏறும். அந்த விளிம்பைத்தான் கீழ்க்கோட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் பழைய பிரித்தானியக் கார்களில் வந்த 7 அங்குலச் சீல்ட் பீம் விளக்குகள் (கண்ணாடி, கிண்ணம், இழை எல்லாம் ஒன்றாக மூடப்பட்டவை) பலவற்றுக்கு அப்படியொரு விளிம்பே கிடையாது. சுவரில் மங்கலான ஒரு வெளிச்சத் திட்டும், அதன் நடுவில் அதிபிரகாசமான ஒரு பகுதியும்தான் தெரியும். இல்லாத விளிம்பைத் தேடித் திருகிக்கொண்டிருக்காமல், அந்தப் பிரகாசமான பகுதியைக் கொண்டே இவற்றை அமைக்க வேண்டும். எம்.ஓ.டீ. பரிசோதனையில் இவ்வகை விளக்குகளுள் சிலவற்றை டிம் வெளிச்சத்திலும் சிலவற்றை உயர் வெளிச்சத்திலும் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விளக்குகளிலும் கண் வைக்க வேண்டும். வலப்பக்கமாக ஓடும் ஜேர்மனி போன்ற நாடுகளுக்குரிய பீட்டில் விளக்கின் வெளிச்சம் வலப்பக்கம் ஏறும். நம் வீதியில் அது எதிரே வருபவரின் முகத்தில்தான் விழும். எந்தத் திருகாணியாலும் இதைத் திருத்த முடியாது. இடப்பக்க ஓட்டத்துக்கென்று செய்த ஐரோப்பியத் தர விளக்கின் கண்ணாடியில், முன்னால் நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்தைக் காட்டும் கிடையான அம்புக்குறி ஒன்று இருக்கும். இரு முனை அம்பு இருந்தால் இரண்டு ஓட்டத்துக்கும் பொருந்தும்.

எல்.ஈ.டீ. பல்பைப் பழைய விளக்குக்குள் மாட்டிவிட்டு, வெளிச்சம் சிதறுகிறதே என்று திருகுகிறவர்களும் உண்டு. அந்தப் பிரதிபலிப்புக் கிண்ணம் மெல்லிய இழையொன்று குறித்த ஒரு புள்ளியில் எரிவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் விளிம்பு கலைந்துவிடும். அதோடு மொரிஸ் மைனர் கடைசி வரை நேர்முனை எர்த் கொண்ட, அதாவது பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்த காராகவே வந்தது. முனை பார்த்து எரியும் பல்புகள் அதில் எரியவே மாட்டா.

வெளிச்சம் மங்கலாக இருப்பதைப் பார்த்து அதிக வாற்று பல்ப் போடுவது மற்றொரு பிழை. பல்பில் கிடைக்கும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். உப்புக் காற்றும் மாரி மழையும் மாறி மாறி அடிக்கும் நம் கரையோரத்தில், விளக்குக் கோப்பையின் அடியில் சேரும் சேறும் எர்த் வயரின் முனையில் பூக்கும் துருவும்தான் பெரும்பாலும் அந்த 10 சதவீதத்தைத் தின்கின்றன. காலால் அமுக்கி டிம் செய்யும் பொத்தானும் ஈரச் செருப்பு பட்டுப் பட்டுத் துருப்பிடித்திருக்கும். பற்றரியிலும் விளக்கின் முனையிலும் வோல்ட் மீற்றரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதலில் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய வயரில் 100 வாற்று பல்பை ஏற்றினால் வயரின் உறை உருகும். எஞ்சின் மெல்ல ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது என்பதால், அளவெடுக்கும்போது சற்று அக்சிலரேற்றரைக் கொடுத்தே வைத்திருக்க வேண்டும்.

மங்கிய பிரதிபலிப்புக் கிண்ணத்தைப் பற்பசையாலோ சாம்பலாலோ தேய்க்காதீர்கள். அந்த மெல்லிய பூச்சு போய்விட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இனித்தான் திருப்புளி. குரோம் வளையத்தைக் கழற்றியதும் கண்ணில் படும் மூன்று சிறு திருகாணிகள் விளக்கைப் பிடித்திருக்கும் உள்வளையத்துக்குரியவை. அவற்றைத் தளர்த்தினால் விளக்கு கையோடு வரும். சரிசெய்யும் திருகாணிகள் வேறு: மேலே இருப்பது ஏற்றி இறக்குவதற்கும், பக்கத்தில் இருப்பது இடம் வலம் திருப்புவதற்கும் உரியது. துருவேறியிருந்தால் இரண்டு நாட்களுக்கு முன்பே எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். பலமாகத் திருகினால் தலை முறியும், அல்லது பின்னால் திருகாணி அமரும் பிளாஸ்டிக் துண்டு நொறுங்கும். கடைசிச் சுற்று எப்போதும் இறுக்கும் திசையில் முடியட்டும், அப்போதுதான் விளக்கின் வில் இழுவையில் நிற்கும். தளர்த்தும் திசையில் முடித்த விளக்கு முதல் குழியிலேயே தலை குனிந்துவிடும்.

அன்றிரவே பத்து இருபது கிலோமீற்றர் ஓட்டிவிட்டு, மறுநாள் மாலை அதே இடத்தில் நிறுத்தி மீண்டும் பாருங்கள். சுவரிலுள்ள கோடுகளையும் சில்லுகள் நின்ற அடையாளங்களையும் அழிக்காதீர்கள். மாரி முடிந்து வில்லுகளும் வயர்களும் ஈரம் கண்டபின் அவை மறுபடியும் தேவைப்படும்.